இறுகிப்போன ஆப்பு

பட்டணத்துல ஆப்புன்னா யாரோ யாருக்கோ வைக்கிறது. எங்க ஊர்ல அது இன்னும் பிழைப்புக்கான சாமான். மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு, கோடாலி கழன்றால் ஆப்பு, கட்டில் கால் கிறீச்சிட்டால் ஆப்பு. இப்போது மழைக்காலம். இந்த மாதத்தில் தச்சுவேலை செய்கிற வீடுகளில் ஒரு தொல்லை வரும். இழைப்புளியில் அடித்த ஆப்பு இறுகிக்கொண்டு, உள்ளே இருக்கும் தகட்டைத் தீட்ட வெளியே எடுக்க முடியாது. அதை எப்படிக் கழற்றுவது என்பதற்கு முன்னால், அது ஏன் அப்படி இறுகுகிறது என்று பார்க்கலாம். அதில் ரெண்டாயிரம் வருஷக் கதை இருக்கு.

பெயரிலேயே பாதி விஷயம் சொல்லியாச்சு. இழைப்பு, உளி. ஒரு உளியைக் கட்டைக்குள் சாய்வாக நிறுத்தி, கை நடுங்கினாலும் ஒரே கனத்தில் சீவும்படி செய்ததுதான் இழைப்புளி. கேள்வி ஒண்ணே ஒண்ணு: அந்த உளியை அசையாமல் எப்படிப் பிடித்து வைப்பது? வேலை செய்யும்போது கழலக் கூடாது, தீட்டும்போது கழல வேண்டும்.

ரோமானியர்கள் இதற்குக் கண்ட வழி ஆப்பு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில் இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. கட்டையின் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே குறுக்கே ஒரு இரும்புக் கம்பி, அதற்கும் தகட்டுக்கும் இடையில் ஆப்பு. அவ்வளவுதான். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலும் தச்சர் அறையில் இழைப்புளிகள் இருந்தன. பிற்காலத்தில் குறுக்குக் கம்பியை விட்டுவிட்டு, பக்கச் சுவரிலேயே காடி வெட்டி அதில் ஆப்பைச் செருகினார்கள். ஜப்பான்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர்களுடைய ‘கன்னா’வில் தகடே ஆப்பு வடிவில் இருக்கும், காடியில் தானாகவே இறுகும்.

நம்ம பக்கத்துக் கதையிலும் ஆப்பு உண்டு. தச்சர் பாதி அறுத்த மரத்தின் பிளவில் வைத்துவிட்டுப் போன ஆப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்ட குரங்கு, பஞ்சதந்திரத்தில் வருகிறது. அந்த நூல் பாரசீகம் போய், 8ஆம் நூற்றாண்டில் அரபியிலும் ஏறியது. ஆப்பைப் பற்றி எச்சரிக்க உலகமே அந்தக் குரங்கைத்தான் கூப்பிட்டிருக்கு!

1827இல் அமெரிக்காவில் ஹசார்ட் நோல்ஸ் என்பவர் வார்ப்பிரும்பு இழைப்புளிக்குக் காப்புரிமை வாங்கினார். உடம்பு இரும்பு, ஆனால் பிடிமானம் பழைய மர ஆப்புதான். பிறகு லியனார்ட் பெய்லி வந்து, ஒரு நெம்புகோலை மடக்கினால் தகடு இறுகும், தூக்கினால் தளரும் என்று மாற்றினார். 1869இல் ஸ்டான்லி கம்பெனி அவர் தொழிலை வாங்கியது. கடையில் நீங்கள் பார்க்கும் இரும்பு இழைப்புளி அந்த வம்சம். அதில் ஆப்பு இல்லை, அதனால் இந்த மழைக்காலத் தொல்லையும் இல்லை.

மர இழைப்புளியில் மட்டும் ஏன்? மரம் ஈரத்தில் ஊதும், ஆனால் எல்லாப் பக்கமும் சமமாக ஊதாது. நார் ஓடுகிற நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது, குறுக்குவாக்கில்தான் பருக்கும். இழைப்புளியின் நார் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. அதனால் ஆப்பு உட்காரும் பள்ளத்தின் முன்பின் அளவு மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. ஆப்பின் நாரோ அதன் நீளத்தில் ஓடுகிறது. அதன் கனம் மட்டும் பருத்துவிடும். இடம் அதே இடம், ஆள் குண்டாகிவிட்டார். இறுகாமல் என்ன செய்யும்?

கோடையில் வேறு வம்பு. உலர்ந்த கட்டை அகலத்தில் சுருங்கும், இரும்புத் தகடு சுருங்காது. தகட்டின் இரண்டு பக்கமும் இடைவெளி விடாமல் செய்திருந்தால் பக்கச் சுவரே வெடித்துவிடும். நல்ல ஆசாரி அந்த இடைவெளியை முதலிலேயே விட்டிருப்பார்.

சரி, எப்படிக் கழற்றுவது? குறடு போட்டு இழுக்காதீர்கள். ஆப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து காடியின் மெல்லிய உதட்டை உடைத்துவிடும். உதடு போனால் கருவி போச்சு. எண்ணெய் விடாதீர்கள். ஆப்பு நிற்பதே உராய்வில், எண்ணெய் குடித்த ஆப்பு அப்புறம் பிடிக்காது. அடுப்போரமும் உச்சி வெயிலும் வேண்டாம், கட்டை வெடிக்கும்.

இடது கையால் கட்டையைப் பிடித்து, விரல்களால் ஆப்பையும் தகட்டையும் சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள், கீழே விழாமல் இருக்க. மரக் கொட்டாப்புளியால் இழைப்புளியின் பின்தலையில் நறுக்கென்று ரெண்டு மூணு தட்டு. பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் பின்னால் சாய்வார்கள் இல்லையா? அதேதான். கட்டை முன்னே போகும், ஆப்பும் தகடும் பின்தங்கி, சாய்ந்த வாக்கிலேயே மேலே தளரும். முன்தலையில் தட்டினால் நேர்மாறு, தகடு இன்னும் கீழே இறங்கும். இதற்கும் அசையாவிட்டால், காற்றோட்டமான நிழலில் ரெண்டு மூணு நாள் வைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். ஈரம் இறங்கினால் ஆப்பு மெலியும்.

வேலை முடிந்ததும் ஆப்பைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பது நல்ல பழக்கம். தாத்தா காலத்து இழைப்புளியைப் பரணிலிருந்து எடுத்து அலமாரியில் அழகுக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தளர்த்தி வைத்தால், அது பொம்மையாக இல்லாமல் கருவியாகவே இருக்கும். என்றைக்காவது ஒரு கதவு ஒட்டிக்கொண்டு மூட மறுத்தால், எடுத்து நாலு இழைப்பு இழைக்கலாம்.