தெரியும் சிரையும் ஊசிக்குத் தகுந்த சிரையும்: அணிகருவிப் படமாக்கத்தைச் சோதிக்கும் முறை குறித்து

தோலடிச் சிரைகளை அண்மை அகச்சிவப்பு ஒளியால் காட்டும் கருவிகள் ஊசி ஏற்றுவதை எளிதாக்கவில்லை என்பது ஆய்வுலகில் ஏறக்குறைய முடிந்த வழக்காகிவிட்டது. கையில் பிடிக்கும் கருவிக்கும் தாங்கியில் நிறுத்தும் கருவிக்கும் பொருந்திய இந்தத் தீர்ப்பு, மூக்குக்கண்ணாடி போல முகத்தில் அணியும் கருவிக்கும் தானாகவே பொருந்தும் என்ற அனுமானமும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது. தீர்ப்பும் அனுமானமும் பெரும்பாலும் ஒரே ஆய்வின் மீது நிற்கின்றன. அந்த ஆய்வைப் படித்த முறையில்தான் சிக்கல் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2013இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்த ஆய்வு, அறுவைக்காக அனுமதிக்கப்பட்ட ஏறத்தாழ 1,900 குழந்தைகளை வெயின்வியூவர், அக்யூவெயின், வாஸ்குலுமினேட்டர் ஆகிய மூன்று கருவிகளுக்கும், கருவியே இல்லாத ஒப்பீட்டுப் பிரிவுக்கும் கொத்துவாரிச் சமவாய்ப்பு முறையில், அதாவது ஆள்வாரியாக அன்றிக் குழுவாரியாகக் குலுக்கிப் பகுத்தது. முதலிரண்டும் சிரையின் படத்தைத் தோலின் மீதே ஒளியாக எறிபவை. மூன்றாவது, கைக்கு அடியிலிருந்து ஒளியைச் செலுத்தி, கைக்கு மேலே நிறுத்திய திரையில் படத்தைக் காட்டுவது. எல்லாப் பிரிவுகளிலும் முதல் குத்திலேயே கேனுலா, அதாவது தாதியர் 'வென்ஃப்ளான்' என்று சொல்லும் மென்குழல், ஏறிய குழந்தைகளின் பங்கு ஏறத்தாழ நான்கில் மூன்றாக இருந்தது; பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கருவி பயன்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சிரை தெரியவே செய்தது. தெரிந்தும் வெற்றி கூடவில்லை என்ற இந்த இணைப்பே ஆய்வின் உண்மையான கண்டுபிடிப்பு. மேற்கோள் காட்டியவர்கள் பலரும் இதன் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பிற்பாதியைக்கூட எண்ணிக்கையோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 100 குழந்தைகளில் 80 பேருக்குச் சிரை வெறுங்கண்ணுக்கே தெரிகிறது, கருவியால் கூடுதலாகச் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று கொள்ளலாம். மீதமுள்ள 20 பேரிடம் முதல் முயற்சி வெற்றியைக் கருவி 50 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயர்த்தினாலும், மொத்தக் கணக்கில் அது 4 புள்ளி உயர்வாக மட்டுமே தெரியும். 76 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வழக்கமான புள்ளியியல் திறனோடு, அதாவது உண்மையில் இருக்கும் வேறுபாட்டை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுபிடிக்கும் வாய்ப்போடு, காண ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 1,700 பேர் வேண்டும். குழுவாரியாகப் பகுத்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். நான்கு பிரிவுகளில் 1,900 பேர் என்பது பிரிவுக்குச் சராசரியாக 475 பேர். ஆகவே, கடினமான நோயாளிகளிடம் பயன் இல்லை என்பதற்கு இந்த ஆய்வைச் சான்றாக நிறுத்த முடியாது.

இவ்வளவோடு நிறுத்தினால் கருவிக்கு வக்காலத்து வாங்கியதாகவே முடியும். அதே 2013இல் டல்லாஸில் நடந்த ஆய்வு இங்கே குறுக்கே நிற்கிறது. சிரை கிடைப்பது அரிதாக இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட குழந்தைகளையும், கைதேர்ந்த செவிலியரையும் மட்டுமே கொண்ட அந்த ஆய்வில், வெயின்வியூவரைப் பயன்படுத்தியபோது முதல் முயற்சி வெற்றி குறைந்தது. இடைக்கால மதிப்பீட்டிலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. எளிய நோயாளிகள் கலந்ததால் பயன் நீர்த்துப்போனது என்ற விளக்கம் இதற்குப் பொருந்தாது. பயன் மறைந்துபோகவில்லை, எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது.

இதற்கான காரணத்தை ஒளியின் போக்கிலேயே தேடுவது தகும். ஆக்சிஜன் குறைந்த ஹீமோகுளோபின் 760 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது; சுற்றியுள்ள திசு அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது; இடையே சிரை கருங்கோடாக விழுகிறது. அந்தக் கோடு ஒரு நிழல் மட்டுமே. சிரை ஆழத்தில் இருந்தால் சிதறலால் நிழல் அகன்று மங்கும். ஆகவே மெல்லிய சிரை மேலே இருந்தால் கூர்மையாகவும், தகுந்த சிரை சற்று உள்ளே இருந்தால் மங்கலாகவும் தெரியும். ஊசி ஏற்றுபவருக்கு வேண்டியதோ வேறு. டூர்னிக்கே பட்டையைக் கட்டியபின் விரல் நுனியால் அழுத்தி விட்டால் மீண்டும் எழும்பும் சிரையா, தோலை இழுத்துப் பிடித்தால் நழுவாமல் நிற்குமா, ஊசியின் பின்னறையில் இரத்தம் தெரிந்தபின் கோணத்தைத் தாழ்த்தி மென்குழலைத் தள்ளும்போது வால்வு தடுக்குமா என்பவற்றில் எதையும் நிழல் சொல்வதில்லை. 2008இல் வெளியான, குழந்தைகளுக்கு ஊசி ஏற்றுவதன் கடினத்தை முன்கூட்டி மதிப்பிடும் 'டிவா' மதிப்பெண் முறை, சிரை கண்ணுக்குத் தெரிவதையும் கைக்குத் தட்டுப்படுவதையும் தனித்தனிக் கூறுகளாகவே வைத்ததும் கருதத்தக்கது. விரலை நம்பி வேலை செய்த கைதேர்ந்த செவிலியரைக் கருவி, கூர்மையாகத் தெரிந்த ஆனால் தகுதியற்ற சிரையின் பக்கம் இழுத்திருக்கக்கூடும். டல்லாஸ் ஆய்வு இதை நேரடியாக அளக்கவில்லை. ஆயினும் வேறு எந்த விளக்கமும் இந்த அளவுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

அணிகருவிக்கு வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. 2013இல் கலிஃபோர்னியாவின் ஈவினா மெடிக்கல் நிறுவனம், எப்சனின் மொவேரியோ கண்ணாடியை அடிப்படையாகக் கொண்டு அறிவித்த கருவியின் கவர்ச்சி, இரு கைகளும் ஓய்வாக இருக்கும் என்பதும், பார்வை கையை விட்டு விலக வேண்டியதில்லை என்பதும்தான். முதலாவது உண்மையான நன்மை. தோலை இழுத்துப் பிடிக்க ஒரு கை கட்டாயம் வேண்டும். இரண்டாவதற்கு உட்ரெக்ட் ஆய்வு சாதகமாக இல்லை: தோலில் எறிந்த படமும் திரையில் காட்டிய படமும் வெற்றியில் வேறுபடவில்லை. மேலும், தோலில் எறியும் கருவிகளில் ஒளி எடுக்கும் பாதையும் எறியும் பாதையும் ஒன்றாக அமைக்கப்படுவதால், தொலைவு மாறினாலும் படம் சிரையின் மீதே விழும். ஒளிபுகும் கண்ணாடியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கேமரா கண்ணிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி இருந்து, படம் 40 சென்டிமீட்டர் தொலைவுக்குப் பொருத்தப்பட்டிருந்தால், செவிலியர் குனிந்து 35 சென்டிமீட்டருக்கு வந்தவுடன், பள்ளிப் பாடநூலில் இடமாறு தோற்றப்பிழை என்று வரும் அதே பிழை காரணமாகக் கோடு கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் விலகும். குழந்தையின் புறங்கைச் சிரை பெரும்பாலும் அதைவிடக் குறுகலானது. குனிவதும் ஊசி தோலைத் தொடும் கணத்தில்தான் நடக்கிறது. தொலைவை அளந்து படத்தைத் திருத்தும் அமைப்பு இதைக் குறைக்கலாம். ஆனால் எவ்வளவு விரைவாகத் திருத்துகிறது என்பதும் அப்போது சோதனைக்கு உரியதாகிறது. இரட்டைக் கேமரா ஆழத்தைத் தந்துவிடும் என்ற பதிலும் முழுமையானதன்று. இரண்டும் காண்பது பெரும்பாலும் தோல்பரப்பில் விழுந்த சிதறிய நிழலையே என்பதால், கிடைப்பது தோலின் தொலைவு. சிரையின் ஆழம் அதிலிருந்து நேரடியாகக் கிடைப்பதில்லை.

பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. கருவி காட்டாத ஒன்றைப் பழக்கம் காட்டாது. விலை குறித்த வாதம் பயன் நிறுவப்பட்ட பிறகு பேசவேண்டியது.

எனவே சோதனையின் அலகை மாற்ற வேண்டியிருக்கிறது. தெரிந்த சிரைகளின் எண்ணிக்கை, முதல் முயற்சி வெற்றி என்ற இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போன படி தேர்வு: எந்தச் சிரை, எந்தக் காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது. ஒரே கையில் செவிலியர் கருவியோடும் கருவியின்றியும் தேர்ந்த இடங்களைக் குறித்து, எது கருவியோடு தேர்ந்த இடம் என்று அறியாத ஒருவர் மீயொலி ஸ்கேனால் அவ்விடங்களின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்தால், இழுக்கப்படுதல் என்ற கருதுகோள் நிற்குமா விழுமா என்பது தெரியும். இடப்பொருத்தப் பிழையை ஜெலட்டின் மாதிரியில், தலை முன்னும் பின்னும் அசைய அசைய, தனியே அளக்கலாம். இவ்விரண்டுக்கும் யாருக்கும் ஊசி குத்தவேண்டியதில்லை. அதன்பிறகே நோயாளிகளிடம் செல்லும் ஆய்வில், ஒப்பீட்டுப் பிரிவினரும் அதே கண்ணாடியை, படம் அணைந்த நிலையில், அணிந்திருக்க வேண்டும். தோல்வி நேர்ந்தால் சிரை எட்டாமையாலா, பின்சுவர் துளைபட்டதாலா, மென்குழல் நுழையாமையாலா என்று தனித்தனியே பதிவாக வேண்டும்.