வேலையை ஒப்படைக்கலாம், முடிவை ஒப்படைக்க முடியாது: ஜிஎஸ்டி மென்பொருள் மீட்பு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

சேலத்து ஆலையில் ஏற்றிய ஜவ்வரிசி லோடு மகாராஷ்டிரத்துக்குப் புறப்பட வேண்டுமானால், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டியதும் ஈ-வே பில் என்னும் மின்னணுச் சரக்குச் சீட்டு கட்டாயம். 2018 பிப்ரவரி 1 அன்று இவ்விதி நடைமுறைக்கு வந்தது. அன்றே மென்பொருள் முடங்க, அன்றே விதியும் ஒத்திவைக்கப்பட்டது. லாரியை நம்பி வாழும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துக்கு அது கணினி அறையோடு முடிந்த செய்தியன்று. தடுமாறும் மென்பொருள் பணியை எங்கிருந்து மீட்கத் தொடங்குவது? ஆளைக் கூட்டுவதிலோ செய்பவரை மாற்றுவதிலோ அன்று, பணியைக் கொடுத்தவர் தம் முடிவுகளைத் திருத்துவதிலேயே மீட்பு தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரு பணிகள், ஒரே நோய்

2013இல் அமைந்த ஜிஎஸ்டி நெட்வொர்க், வரித்தளத்தை உருவாக்கும் பணியை 2015இல் 1,380 கோடி ரூபாய்க்கு இன்ஃபோசிஸிடம் ஒப்படைத்தது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2017 ஏப்ரல் 12இல். வரி அமலானது ஜூலை 1இல். சட்டம் உறுதியான பின் மென்பொருளுக்குக் கிடைத்தது மூன்று மாதத்துக்கும் குறைவு. இதற்குள் மாதம் மூன்று படிவங்களும், விற்றவர் பில்லையும் வாங்கியவர் பில்லையும் ஒப்பிடும் ஏற்பாடும் எதிர்பார்க்கப்பட்டன. ஈ-வே பில் தளத்தையோ அரசின் தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது. ஒன்று தனியார், மற்றொன்று அரசு அமைப்பு. தடுமாற்றம் இரண்டிலும் உண்டு. ஆகவே குற்றத்தைப் பணி செய்தவர் தலையில் மட்டும் கட்டுவது பொருந்தாது. முழுச் சுமையையும் ஒரே நாளில் ஏற்றியதே இரண்டுக்கும் பொதுவான காரணம்.

மீட்பின் வழி

தளத்தின் சிக்கல்களைக் கவனிக்க, 2017 செப்டம்பரில் அப்போதைய பீகார் துணை முதல்வர் சுஷில் மோடி தலைமையில் அமைச்சர் குழு அமைந்தது. நவம்பரில் கௌகாத்தியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இரண்டாம், மூன்றாம் படிவங்களை நிறுத்திவைத்தது; இடைக்காலமாக வந்த எளிய 3பி சுருக்கப் படிவம் தொடர்ந்தது. ஈ-வே பில் 2018 ஏப்ரல் 1இல் மாநிலம் கடக்கும் சரக்குக்கு மீண்டும் வந்தது. உள்மாநிலச் சரக்குக்கு ஏப்ரல் 15 முதல் பெரும்பாலான மாநிலங்கள் அணியணியாகச் சேர, தமிழ்நாட்டின் முறை ஜூன் 2இல் வந்தது. சுமையைக் குறைத்ததும் படிப்படியாக ஏற்றியதும் கவுன்சிலின் முடிவுகள். எந்த ஒப்பந்த நிறுவனமும் இவற்றைத் தானாக எடுத்திருக்க முடியாது.

பணியைக் கொடுத்தவர் நடுவிலேயே தலையிட வேண்டும் என்பதை, திருச்செங்கோட்டுப் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டக் கொடுப்பவர் அறிவார். பாடிச் சட்டகத்தின் பற்றவைப்பைத் தகடு மூடுமுன் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்தபின் பார்த்துப் பயனில்லை.

மறுப்பும் விடையும்

சுமையைக் குறைப்பது தப்பித்தல் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பில் ஒப்பீடு இரண்டு ஆண்டுகளாகியும் நடைமுறைக்கு வரவில்லை என்று 2019இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை சுட்டியது. 2020 மார்ச்சில் கூடுதல் ஆட்களும் வன்பொருளும் கோரப்பட்டன என்பதும் உண்மை. தாமதமான பணியில் ஆளைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எச்சரித்தார். புதியவருக்குக் கற்பிக்கப் பழையவரின் நேரம் செலவாகும். கூடுதல் திறன் நெரிசலைத் தணிக்கலாம். வடிவத்தின் சிக்கலை அவிழ்க்காது. வாங்குபவர் நிரப்ப வேண்டியதை மாற்றி, விற்றவர் தந்த தகவலிலிருந்து தளமே தயாரிக்கும் 2பி அறிக்கை 2020 ஆகஸ்டில் வந்தது. வேலையின் வடிவமே மாறியபின்தான் வழி பிறந்தது. எனவே ஒத்திவைப்பு மீட்பின் முதல் பாதி. மறுவடிவம் இரண்டாம் பாதி. இவற்றுக்கிடையே கழிந்த ஆண்டுகளுக்கான விலையை வணிகர்கள் கொடுத்தனர்.

முடிவுரை

மென்பொருள் பணியை வெளியே கொடுக்கும் ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அரசு அலுவலகங்களும் மூன்றைத் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: எது முதலில் வேண்டும் என்ற தேர்வு, பாதிவழியில் சோதிக்கும் உரிமை, தேவையானால் தொடக்க நாளைத் தள்ளிவைக்கும் அதிகாரம். இவற்றைக் கையெழுத்திடும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும்.