கோழியின் பையும் மனிதனின் மஜ்ஜையும்: நிணநீர் உறுப்புகளை வயதோடு சேர்த்துப் படித்தல்

நாமக்கல் பண்ணைகளில் குஞ்சுகள் கொத்தாகச் சாகத் தொடங்கினால் கால்நடை மருத்துவர் இறந்த குஞ்சை அறுத்து, பொதுப்புழையின் முதுகுப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு பையைத் தேடுவார். பை வீங்கி, மஞ்சள் கூழ் படர்ந்து, உள்மடிப்புகளில் இரத்தப் புள்ளிகள் தெரிந்தால் கம்போரோ நோய் என்று சந்தேகம் வலுக்கும். அதற்கு முன்பே பண்ணைக்காரரிடம் அவர் கேட்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு: "குஞ்சுக்கு எத்தனை நாளுங்க?" அந்தக் கேள்வி மனித நிணநீர் உறுப்புகளைப் பற்றிய நம் பாடங்களில் இல்லை என்பதும், அது இல்லாமல் அவ்வுறுப்புகளின் பணி விளங்காது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

நம் பாடங்கள் இந்த உறுப்புகளை அட்டவணையாகத் தருகின்றன. எலும்பு மஜ்ஜையும் தைமஸும் முதல்நிலை உறுப்புகள். நிணநீர் முடிச்சு, மண்ணீரல், அடிநாச் சதை, சிறுகுடலின் பேயர் திட்டுகள் ஆகியவை இரண்டாம் நிலை. முதல்நிலையில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் பிறந்து பக்குவப்படுகின்றன, இரண்டாம் நிலையில் கிருமியைச் சந்தித்து வேலை செய்கின்றன. பிரிவு சரியானது. ஆனால் ஒரு வளரும் உடலில் எது எப்போது முக்கியம், எது எப்போது ஒதுங்குகிறது என்பதை அட்டவணை சொல்வதில்லை. இந்தப் பிரிவே வயதைக் கவனித்ததால் பிறந்தது என்பதையும் அது மறைத்துவிடுகிறது.

பாதுவா நகரின் உடற்கூற்று ஆசிரியர் ஃபேப்ரீசியஸ் எழுதி, அவர் இறந்தபின் 1621இல் வெளிவந்த நூலில் கோழியின் அந்தப் பை விவரிக்கப்பட்டது. அது சேவலின் விந்தைச் சேமித்துவைக்கும் இடம் என்று அவர் கருதினார். இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்த ஒருவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பையின் உண்மையான வேலை தெரிய மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த புரூஸ் கிளிக், பை எப்போது வேகமாக வளர்கிறது என்று முதலில் அளந்தார். பொரித்த முதல் மூன்று வாரங்கள் என்று தெரிந்தது. அந்த வயதிலேயே பையை அகற்றிப் பார்த்தார். கோழிகள் நலமாகவே வளர்ந்தன. பிறகு உடன் படித்த டிமத்தி சாங், எதிர்ப்பொருள் உருவாவதை வகுப்பில் காட்ட அந்தக் கோழிகளில் சிலவற்றை இரவல் வாங்கிச் சால்மொனெல்லா ஊசி போட்டார். பை அகற்றப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. பெரிய அறிவியல் இதழ் ஏற்காத அந்தக் கட்டுரை 1956இல் கோழியியல் இதழொன்றில் வந்தது. நோய்த்தடுப்பியலாளர்களில் பலர் சில ஆண்டுகள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

1961இல் ஆய்வாளர் ஜாக் மில்லர் எலியின் தைமஸில் இதே பாடத்தைக் கண்டார். வளர்ந்த எலியில் தைமஸை எடுத்தபோது பெரிய மாற்றம் இல்லாததால்தான் அதுவரை அது வேண்டாத உறுப்பாக எண்ணப்பட்டது. பிறந்த உடனே எடுத்தபோது லிம்போசைட்டுகள் குறைந்தன. அயல் தோலை ஒட்டினால் உடல் அதை நிராகரிக்கவில்லை. எலிகள் தொற்றில் இறந்தன. 1965இல் மேக்ஸ் கூப்பர் குழுவினர் கோழிக்கே திரும்பி வந்தார்கள். பொரித்த குஞ்சில் பையையோ தைமஸையோ அகற்றி, கூடவே கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கதிர்வீச்சு எதற்கு என்பதில்தான் சோதனையின் நுட்பம் இருக்கிறது. குஞ்சு பொரிக்கும் முன்பே சில அணுக்கள் பையைவிட்டுக் கிளம்பி உடலெங்கும் குடியேறியிருக்கும். அவற்றையும் அழித்தால்தான் உறுப்பின் பங்கு தெளிவாகும். பை இல்லாத குஞ்சில் எதிர்ப்பொருள் இல்லை. தைமஸ் இல்லாத குஞ்சிலோ அயல் தோலை நிராகரிக்கும் திறன் குன்றியது. பி செல், டி செல் என்று இன்று எழுதும்போது அந்தப் 'பி' முதலில் குறித்தது கோழியின் பர்சாவை, அதாவது அந்தப் பையை.

மனிதனுக்கு அந்தப் பை இல்லையே, கோழியைக் காட்டி மனித உடலைப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இணையான உறுப்பை அடிநாச் சதையிலும் குடல்வாலிலும் பேயர் திட்டுகளிலும் ஆய்வாளர்கள் தேடினார்கள். 1970களில் விடை வேறிடத்தில் கிடைத்தது: கருவில் கல்லீரல், பிறகு வாழ்நாள் முழுவதும் எலும்பு மஜ்ஜை. ஆகவே கோழியிலிருந்து மனிதனுக்கு வடிவத்தைக் கடன் வாங்கக் கூடாது; பணியையும் அதன் காலத்தையும் வாங்கலாம். இயற்கையே இதற்குச் சான்று தருகிறது. 1952இல் மருத்துவர் புரூட்டன் விவரித்த சிறுவனின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் புரதம் இல்லை. டிஜார்ஜ் நோயில் தைமஸ் சரியாக உருவாகாத குழந்தைகளுக்கு டி செல் குறைவு. கோழியில் கத்தி காட்டிய இரண்டு கிளைகளும் குழந்தைகளில் தனித்தனியாகப் பழுதுபடுகின்றன.

கம்போரோவுக்கு வருவோம். அமெரிக்காவில் 1950களின் பிற்பகுதியில் அடையாளம் காணப்பட்ட இந்த நோயின் வைரஸ், பையில் வளரும் பி செல்களையே குறிவைக்கிறது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சானால் நோய் கண்ணுக்குத் தெரியும், சாவும் நிகழும். மூன்று வாரத்துக்குள் வந்தால் குஞ்சு பெரும்பாலும் சாகாது. ஆனால் பை நிரந்தரமாகச் சுருங்கிவிடும். பிறகு வெள்ளைக்கழிச்சலுக்கு ஒழுங்காகச் சொட்டு மருந்து விட்டும் பலன் இராது, 'தடுப்பூசி சரியில்லை' என்ற புகார் எழும். பை தானாகவே சுருங்கிப்போன முதிர்ந்த கோழிக்கு அதே வைரஸ் பொருட்டில்லை. ஒரே கிருமி, ஒரே உறுப்பு; வயது மாறினால் விளைவே வேறு. இதைவிடத் தெளிவான சான்று என் வாதத்துக்குத் தேவையில்லை.

இரண்டாம் நிலை உறுப்புகளிலும் இடமும் காலமும் சேர்ந்தே வருகின்றன. தென்னையில் தேள் கொட்டினால் பனையில் நெறி கட்டியது என்பது பழமொழி. அதில் கேலி இருந்தாலும், அடிபட்ட இடம் ஒன்று, வீங்கும் இடம் வேறு என்பதைக் கண்ட கண் அதன் பின்னால் இருக்கிறது. வெறுங்காலோடு வயலில் இறங்கியவரின் பாதத்தில் முள் ஏறிச் சீழ்பிடித்தால் கவட்டில் நெறி கட்டுகிறது. பாதத்தின் நிணநீர் அங்குள்ள நிணநீர் முடிச்சில்தான் வடிகிறது. அவரை விதை வடிவில் உள்ள அம்முடிச்சுக்குள் பல குழாய்கள் நுழைகின்றன, ஓரிரண்டே வெளியேறுகின்றன. நீர் அங்கே மெதுவாகிறது. வெளிப்பகுதியில் பி செல்கள் உருண்டைகளாகவும், அதற்கடுத்த பட்டையில் டி செல்களும் காத்திருக்கின்றன. கிருமியை அடையாளம் கண்ட சில செல்கள் அங்கேயே பெருகுவதுதான் வீக்கம். கோழிக்கு இத்தகைய தனி முடிச்சுகள் கிடையாது. ஒப்பீடு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

மண்ணீரல் நிணநீரையல்ல, இரத்தத்தை வடிகட்டுகிறது. வயிற்றில் அடிபடும் விபத்துகளில் அதிகம் காயப்படும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. அதை அகற்றவேண்டி வந்தால் நிமோகாக்கஸ் போன்ற உறையுள்ள கிருமிகளால் உயிருக்கே ஆபத்தான தொற்று வரலாம். அந்த ஆபத்து பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளுக்கு அதிகம். அறுவைக்குப்பின் தடுப்பூசி கட்டாயம் என்பதைக் குடும்பத்தாருக்கு எழுதியே கொடுக்க வேண்டும்.

தைமஸ் வளர்ந்தவருக்கு வேண்டாதது என்ற எண்ணமும் ஆட்டம் கண்டுவிட்டது. பருவ வயதுக்குப்பின் அது கொழுப்பாக மாறுவது உண்மை. ஆனாலும் 2023இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வில், தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் 8.1 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். அதேபோன்ற மார்பு அறுவைக்கு உட்பட்டும் தைமஸ் அகற்றப்படாதவர்களில் 2.8 விழுக்காட்டினரே. மில்லருக்கு முன்பு செய்த பிழையை, ஓர் எலியின் ஆயுளைவிட நீண்ட கால அளவில், நாமும் செய்துகொண்டிருந்தோம்.

உறுப்பை வயதோடு சேர்த்துக் கற்பிக்க நம் பக்கத்திலேயே வாய்ப்பு இருக்கிறது. சேலமும் நாமக்கல்லும் 1997 வரை ஒரே மாவட்டம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இலும் தொடங்கின. 2022இல் நாமக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பி செல் என்ற பெயருக்குக் காரணமான உறுப்பு இந்தச் சமவெளியின் பண்ணைகளில் கோடிக்கணக்கான குஞ்சுகளுக்குள் இருக்கிறது. மருத்துவ மாணவர்களை ஒரு நாளாவது கால்நடைக் கல்லூரியின் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு வாரக் குஞ்சின் பையையும், நான்கு வாரக் குஞ்சின் பையையும், முட்டையிடும் கோழியில் எஞ்சியதையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டுங்கள்.