நீல நாடா, சிவப்பு நாடா: சர்ரே பெண்களின் கிரிக்கெட்

1745 ஜூலை 26. இங்கிலாந்தின் சர்ரே கவுண்டியில், கில்ட்ஃபோர்டு நகருக்குப் பக்கத்தில் கோஸ்டன் காமன் என்றொரு ஊர்ப் பொதுவெளி. பிராம்லி ஊரின் பதினொரு பெண்களும் ஹாம்பிள்டன் ஊரின் பதினொரு பெண்களும் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். எல்லோருக்கும் வெள்ளை உடை. பிராம்லிப் பெண்கள் தலையில் நீல நாடா, ஹாம்பிள்டன் பெண்கள் தலையில் சிவப்பு நாடா. ஓட்டங்களைக் குச்சியில் வெட்டுப் போட்டு எண்ணிய காலம் அது. ஹாம்பிள்டன் 127, பிராம்லி 119. ‘ரெடிங் மெர்க்குரி’ என்ற செய்தித்தாள் இதைப் பதிந்துவைத்திருக்கிறது. பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவே பந்து வீசினார்கள், அடித்தார்கள், ஓடினார்கள், பிடித்தார்கள் என்றும் சொல்கிறது. பெண்கள் ஆடியதாக எழுத்தில் கிடைக்கும் முதல் கிரிக்கெட் ஆட்டம் இது.

நாடாவின் நிறம் தெரிகிறது, எத்தனை வெட்டு என்பது தெரிகிறது. ஆனால் அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை.

சங்க இலக்கியம் கற்பிக்கும் எனக்கு இது பழக்கமான இடம். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் தொலைந்துபோனதால் அவர் பாடிய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்கிறோம். காக்கையைப் பாடியதால் நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். பெயர் போனாலும் ஒரு வரி மிஞ்சி அவர்களைக் காப்பாற்றியது. கோஸ்டன் காமன் பெண்களுக்கு ஊரின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே மிஞ்சின.

கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற நிலப்பிரிவு. ரஞ்சிக் கோப்பையில் மாநிலத்துக்கு உள்ள இடம் இங்கிலாந்து கிரிக்கெட்டில் கவுண்டிக்கு உண்டு. சர்ரே பெண்கள் அணியின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இதனால் ஒரு முக்கியத்துவம் வருகிறது. ஆண்களின் சர்ரே கவுண்டி கிரிக்கெட் கழகம் தொடங்கப்பட்டது 1845இல், அதாவது கோஸ்டன் காமன் ஆட்டத்துக்குச் சரியாக நூறாண்டுகள் கழித்து. பெண்கள் அணியை அந்தக் கழகத்தின் இளைய தங்கையாகப் பார்க்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது. தேதிகளை அடுக்கிப் பார்த்தால் அக்கா யார், தம்பி யார் என்பது விளங்கும்.

1770களில் சர்ரேயின் ‘தி ஓக்ஸ்’ மாளிகையில் டெர்பி சீமாட்டி தன் தோழியரைத் திரட்டி ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் அதிக ஓட்டம் எடுத்தவர் எலிசபெத் ஆன் பர்ரெல். அவர் ஆடுவதைப் பார்த்து ஹாமில்டன் பிரபு காதல்கொண்டார், 1778இல் மணந்துகொண்டார் என்று வரலாறு சொல்கிறது. எலிசபெத்தின் பெயர் நமக்குக் கிடைப்பது இந்தக் கல்யாணத்தின் தயவால்தான். ஆட்டம் கதையின் முன்னுரையாகச் சுருங்கிவிட்டது.

1811 அக்டோபரில் நடந்தது வேறு வகை ஆட்டம். லண்டனின் வடக்கே பால்ஸ் பாண்ட் என்ற இடத்தில் சர்ரே பெண்களும் ஹாம்ப்ஷயர் பெண்களும் மோதினார்கள். கவுண்டிப் பெயரைத் தாங்கிப் பெண்கள் ஆடியதில் இதுவே முதலாவது என்று சொல்லப்படுகிறது. இரண்டு பிரபுக்கள் ஆளுக்கு 500 கினி பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆடியவர்களின் வயது 14 முதல் 60 வரை. வென்றது ஹாம்ப்ஷயர். இந்த முறை பெயர்ப் பட்டியல் கிடைக்கிறது. ஆன் டெய்லர், ஹன்னா ஹிக்ஸ், மேரி ஃப்ரை என்று போகும் சர்ரே வரிசையில் முதலில் நிற்பவர் ஆன் பேக்கர். வயது அறுபது. அந்த அணியில் மிக நன்றாக ஓடியவரும் பந்து வீசியவரும் அவரே என்கிறது குறிப்பு.

அறுபது வயதுப் பெண் என்றதும் நம் மனம் திண்ணையையும் பேரப்பிள்ளையையும்தான் காட்டும். ஆன் பேக்கர் அந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. ஆனால் அவர் காலத்துக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் ரோலண்ட்சன் அதே ஆண்டு வரைந்த படத்தில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்கள் சிரிப்புக்கான பொருள். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தையே காட்டுகிறார்கள். ஆன் பேக்கரின் பெயர் ஒரு பட்டியலில் கிடக்கிறது. பந்தயப் பணம் பிரபுக்களுக்கிடையே கைமாறியது.

விக்டோரியா காலம் பெண்ணின் உடலை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பொதுவெளிகளில் ஆடிய உழைக்கும் பெண்கள் பதிவிலிருந்து மெல்ல மறைந்தார்கள். 1926இல் பெண்கள் கிரிக்கெட் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்கள் ஹாக்கியும் லாக்ராஸும் ஆடிப் பழகிய, படித்த, நடுத்தர வர்க்கப் பெண்கள். ஆடை ஒழுங்கில் கண்டிப்பாக இருந்தார்கள். பாவாடையின் நீளத்துக்கும் காலுறைக்கும் விதி வைத்தார்கள். ஆண்களின் கேலிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது அவர்களின் கணக்கு. ஆட இடம் கிடைக்க மரியாதையை விலையாகக் கட்டினார்கள். அந்த விலையைக் கட்ட முடியாத பெண்கள் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய பெயர்கள் சர்ரேக்காக ஆடியவை. மர்டில் மக்லகன் 1911இல் நம் அம்பாலாவில் பிறந்தவர், ராணுவ அதிகாரியின் மகள். மோலி ஹைட் 1913இல் ஷாங்காயில் பிறந்தவர், ரெடிங்கில் விவசாயம் படித்தவர். இங்கிலாந்தின் கிராமத்து ஆட்டம் என்று கொண்டாடப்படும் ஒன்றின் நாயகியர் இருவருமே இங்கிலாந்துக்கு வெளியே தொலைதூர ஊர்களில் பிறந்தவர்கள் என்பது யோசிக்கத் தக்கது.

1934 டிசம்பரில் பிரிஸ்பேனில் பெண்களின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியா 47 ஓட்டங்களில் சுருண்டது. மக்லகன் 10 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார், பிறகு மட்டையைப் பிடித்து 72 ஓட்டமும் அடித்தார். அடுத்த மாதம் சிட்னியில் அவர் எடுத்த 119தான் பெண்கள் டெஸ்ட் வரலாற்றின் முதல் சதம். ஆண்களின் ‘பாடிலைன்’ தொடர் இரு நாடுகளுக்கும் இடையே கசப்பை விதைத்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அந்தப் பெண்கள் கப்பல் கட்டணத்தைத் தங்கள் கையிலிருந்து கொடுத்துப் போனவர்கள். மோலி ஹைட் 1937 முதல் 1954 வரை இங்கிலாந்தின் தலைவராக இருந்தார். இடையே ஓர் உலகப்போரே வந்து போனது. பதினேழு ஆண்டுகள் ஒரு நாட்டு அணியை நடத்திய அவரது பெயர் கிரிக்கெட் பிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1937இல் ஆஸ்திரேலியப் பெண்கள் வந்தபோது மூன்றாவது டெஸ்ட் சர்ரேயின் ஓவல் மைதானத்தில் நடந்தது. லார்ட்ஸ் மைதானம் பெண்களுக்குத் திறக்க 1976 ஆனது. இரண்டும் லண்டனிலேயே, தேம்ஸ் ஆற்றின் இரு கரைகளில் இருப்பவை. அந்த ஆற்றைக் கடக்கப் பெண்களுக்கு 39 ஆண்டுகள் பிடித்தன.

ஜேன் பிரிட்டின் 1959இல் சர்ரேயின் கிங்ஸ்டனில் பிறந்தார். 1979 முதல் 1998 வரை இங்கிலாந்துக்காக 27 டெஸ்ட் ஆட்டங்களில் 1935 ஓட்டங்கள். பெண்கள் டெஸ்ட்டில் இதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. இந்தச் சாதனைக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளில் 27 ஆட்டம் என்றால் ஆண்டுக்கு ஒன்றரைகூட இல்லை. ஆண்கள் இரண்டே ஆண்டுகளில் ஆடி முடித்துவிடும் எண்ணிக்கை அது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு வாய்ப்பு அதைவிடக் குறைந்தது. அதனால்தான் சாதனை அப்படியே நிற்கிறது. திறமையை அளக்கும் எண் வாய்ப்பின் பஞ்சத்தையும் அளக்கிறது.

பிரிட்டின் தன் கடைசித் தொடரில், 1998 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 146 ஓட்டம் எடுத்தார். இடம் கில்ட்ஃபோர்டு. நீல நாடாவும் சிவப்பு நாடாவும் ஆடிய பொதுவெளி அங்கிருந்து சில மைல்தான். அதே ஆண்டில் பெண்கள் சங்கம் ஆண்களின் வாரியத்தோடு இணைந்தது. 2017இல் பிரிட்டின் புற்றுநோயால் இறந்தார்.

தென் லண்டனில் வளர்ந்த எபனி ரெயின்ஃபோர்டு-பிரென்ட் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் கறுப்பினப் பெண். சர்ரேயின் தலைவராக இருந்து, பின்னர் அதே கழகத்தின் முதல் பெண்கள் கிரிக்கெட் இயக்குநரானார். கறுப்பினப் பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கொண்டுவர 2020இல் சர்ரேயில் தொடங்கிய ஏஸ் திட்டத்தை முன்னின்று நடத்துபவரும் அவரே. 1926இல் சாத்தப்பட்ட கதவில் ஒன்றை அவர் தள்ளித் திறக்கிறார்.

2020க்குப் பிறகு பணமும் ஒப்பந்தமும் வந்தன. முதலில் சர்ரேயும் கென்ட்டும் சேர்ந்து ‘சவுத் ஈஸ்ட் ஸ்டார்ஸ்’ என்ற வட்டார அணி ஆயின. 2025இல் மீண்டும் கவுண்டி முறை வந்தபோது முழுநேரத் தொழில்முறை அணி நடத்தும் உரிமை எட்டுக் கவுண்டிகளுக்குக் கிடைத்தது. சர்ரே அதில் ஒன்று. அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் ஓவலில் நடந்த இறுதி ஆட்டத்தில் வென்று பெண்களுக்கான முதல் ‘பிளாஸ்ட்’ டி20 கோப்பையையும் சர்ரே எடுத்துக்கொண்டது. கோஸ்டன் காமனிலிருந்து கணக்கிட்டால் 280 ஆண்டுகள்.

கென்ட் என்ன ஆனது? 1997இல் தொடங்கி 2019இல் முடிந்த பெண்கள் கவுண்டி சாம்பியன்ஷிப்பை எட்டு முறை வென்ற அணி அது. வேறெந்தக் கவுண்டியும் அத்தனை முறை வென்றதில்லை. ஷார்லட் எட்வர்ட்ஸ், லிடியா கிரீன்வே, டாமி போமன்ட் ஆடிய அணி. சம்பளம் இல்லாத காலத்தில் அவர்கள் குவித்த எட்டுக் கோப்பைகளும் முதல் எட்டு இடங்களில் ஒன்றை வாங்கித் தரவில்லை. கென்ட் இரண்டாம் அடுக்கில் வைக்கப்பட்டது. பெண்கள் உழைத்துச் சேர்த்த வரலாறு நிறுவனங்களின் கணக்கேட்டில் சொத்தாக ஏறுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதுபோலவே அவர்கள் வரவேற்கப்படுகிறார்கள்.

“பெண்கள் கிரிக்கெட் இப்போதுதானே மேம் வந்தது?” என்று என் வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஆன் பேக்கரின் பெயரை. அறுபது வயது, சர்ரே அணி, ஆண்டு 1811. கரும்பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்கும் மேலே இருபத்திரண்டு பெயர்களுக்கான இடத்தைக் காலியாக விடுகிறேன்.