சக அறிஞர் மதிப்பீடும் மேல்முறையீடும்

சக அறிஞர் மதிப்பீடு என்பது, ஒரு துறையில் உழைப்பவருடைய ஆராய்ச்சியை அத்துறையிலேயே உழைத்துத் தேர்ந்த பிறர் பரிசீலித்துத் தரம் கூறும் வழக்கமாகும். ஆராய்ச்சியாளர் பேச்சில் அது ‘பியர் ரிவ்யூ’ என்றே வழங்கும். தமிழுலகுக்கு இக்கருத்து புதியதன்று. புதிய நூலொன்று புலவர் அவையில் அரங்கேறும்போது கேட்டிருப்போர் தடை எழுப்புவதும், நூலாசிரியர் அங்கேயே எழுந்து விடை பகர்வதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பாதிகளாகவே கருதப்பட்டன. லண்டன் ராயல் சொசைட்டி தன்னிடம் வந்த கட்டுரைகளைப் பற்றி 1832 முதல் அங்கத்தினரிடம் எழுத்து மூலமான அபிப்பிராயம் பெறத் தொடங்கி, அவ்வழக்கம் மெல்ல மெல்ல உலகெங்கும் பரவியபோது, தடை நிலைத்தது. விடைக்குரிய இடம் சுருங்கிற்று. அவ்விடத்தைப் பற்றிய இந்திய வரலாற்றில் பெங்களூர் நகரம் இருமுறை முன்னிற்கிறது.

ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையை மூலதனமாகக் கொண்டு 1909இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம், வெளியிலிருந்து வரும் அறிஞர் குழுக்களின் பரிசீலனைக்கு அவ்வப்போது உட்பட்டே வளர்ந்தது. 1921இல் போப் குழுவும், 1931இல் ஸீவெல் குழுவும் வந்தன. 1936இல் வந்த இர்வின் குழுவோ, 1933 முதல் கழகத்தின் இயக்குநராக இருந்த ஸர் சி. வி. இராமனையே தராசில் நிறுத்தியது. இயற்பியலுக்கு முதன்மை தந்து ஏனைய துறைகளைத் தளரவிட்டார் என்பது அவர்மீது சாற்றப்பட்ட குறை. குழுவின் தலைவர் ஸர் ஜேம்ஸ் இர்வின் ஒரு ரசாயனர். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் ரசாயனர். மற்றொருவரான மெக்கென்ஸி கல்வி நிர்வாகி. இயற்பியலின் பங்கு மிகையா, தக்கதா என்று தீர்மானிக்கும் அவையில் இயற்பியலர் ஒருவரேனும் இல்லாததை நாம் எளிதாகக் கடந்துபோகலாகாது. உடன் பணியாற்றிய பலரோடு இராமன் இணங்கிப் போகவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் குழுவை நியமித்தவர், கழகத்தின் பார்வையாளர் என்ற தகுதியில் இருந்த வைசிராய். அறிக்கையைப் பெற்றவரும் அவரே. இயக்குநரின் அதிகாரம் குறைக்கப்பட, 1937இல் இராமன் அப்பதவியைத் துறந்து, 1948 வரை அதே கழகத்தில் பேராசிரியராகவே தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடமியின் நடவடிக்கை ஏட்டில், அங்கத்தினர் ஒருவர் அனுப்பிவைத்தார் என்ற குறிப்போடு இளைஞர்களின் கட்டுரைகள் பிரசுரமாயின. மூத்தவர் ஒருவர் தம் பெயரைப் பிணையாக வைத்து இளையவரை உலகுக்கு அறிமுகம் செய்த அம்முறையில் பட்சபாதம் நுழைய இடமுண்டு. எனினும் மதிப்பிட்டவர் இன்னார் என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. மறைவான மதிப்பீட்டுக்கும் தன் நியாயம் உண்டென்பதற்கு அதே 1936இல் நிகழ்ந்ததொன்று சான்று: ஈர்ப்பலைகளைப் பற்றிய தம் கட்டுரையை ‘பிஸிகல் ரிவ்யூ’ ஆசிரியர் வேறொரு நிபுணருக்குக் காட்டிவிட்டார் என்று வெகுண்டு ஐன்ஸ்டைன் அதைத் திரும்பப் பெற்றார், பெயர் சொல்லாத அந்நிபுணர் சுட்டிய பிழையோ மெய்யான பிழையாகவே இருந்தது.

1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் விளைவாக, பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவிய தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு, அதாவது ‘நாக்’, இம்மதிப்பீட்டை நாடு தழுவிய ஏற்பாடாக்கியது. தென்னாப்பிரிக்காவில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை தனித்தனி ஆராய்ச்சியாளருக்கே ஏ, பி, சி என்று தரம் வழங்கி, முறையீட்டையும் கேட்கிறது. நாக் மதிப்பிடுவது நிறுவனத்தையே. ஆனால் அதன் ஏழு அளவுகோல்களில் மூன்றாவது ஆராய்ச்சி என்பதால், ஒவ்வோர் ஆசிரியரின் உழைப்பும் அதில் எடைபோடப்படுகிறது. வேறு மாநிலங்களிலிருந்து ‘பியர் டீம்’ நேரில் வந்த நாள்களில் கல்லூரி வாயிலில் கோலம் விரிந்தது. நீண்ட மேசைகளின்மேல் கோப்புகள், ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதிய வண்ணச் சீட்டு. மூன்றாம் வரிசையில் ஆசிரியர்களுடைய பிரசுரங்களின் முதற்பக்கப் படிகள். பக்கத்தில், இரவெல்லாம் அவற்றைச் சரிபார்த்துக் கண் சிவந்த ஓர் உதவிப் பேராசிரியர், கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கக் காத்து நின்றிருப்பார். 2017இல் முறை திருத்தப்பட்டபின், மதிப்பெண்ணில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்கு அனுப்பிய தரவுகளைச் சரிபார்ப்பதாலேயே தீர்ந்தது. எஞ்சியதே நேரில் காண்போர் கையில் இருந்தது.

இவ்வேற்பாட்டில் மேல்முறையீடு விதியாகவே எழுதப்பட்டிருப்பது பெரிய முன்னேற்றமாகும். கிடைத்த தரத்தில் குறை காணும் நிறுவனம் கட்டணம் செலுத்தி முறையிடலாம். அதற்கென அமைந்த குழு பரிசீலித்துப் பரிந்துரைக்க, செயற்குழு முடிவு செய்யும். முதலில் தரம் வழங்குவதும் அச்செயற்குழுவே என்பதுதான் நெருடல். குழுவை நியமித்தவரே அறிக்கையையும் பெற்ற 1936இன் நிழல் முழுதும் நீங்கிவிடவில்லை.

மதிப்பிடுவோரின் நேர்மையும் பிற்காலத்தில் கேள்விக்குள்ளாயிற்று. செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன், மதிப்பீட்டில் முறைகேடுகள் இருப்பதாகக் கூறி 2023இல் விலகினார். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்துக் கல்வி நிறுவனமொன்றைப் பார்வையிட்ட குழுவினரையே லஞ்சக் குற்றச்சாட்டில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. இதற்கிடையே, விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, நாக் வழங்கும் தர எழுத்துகளை நீக்கி, தரச்சான்று பெற்றது, பெறாதது என்ற பாகுபாட்டைத் தரவுகளின் அடிப்படையில் செய்யலாமெனப் பரிந்துரைத்தது. அம்முறையில், எண் தவறு என்று முறையிடுவது எளிதாகும். எண் சரியாயிருந்தும் தம் ஆராய்ச்சியின் ஆழம் அதில் பதியவில்லை என்று முறையிட வருபவர், தம் கட்டுரையைப் படித்துப் பார்த்து, எதிரே உட்கார்ந்து தம் விடையைக் கேட்கும் ஓர் அறிஞரையே அப்போதும் தேடுவார்.