ஏழு கலோரிக் கணக்கு

காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், வயது அறுபத்தெட்டு. தினமும் 6 கிலோமீட்டர் நடக்கிறார். ராத்திரி ஒரு குவார்ட்டர் உண்டு. ஆறு மாதமாகத் தொப்பை அசையவில்லை. "அதில் எண்ணெயா இருக்கு, நெய்யா இருக்கு? தண்ணி மாதிரிதானே சார்? வேர்வையோட போயிடாதா?" என்று போன வாரம் கேட்டார். அவருக்குச் சொன்ன பழைய கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவில் மிடில்டவுன் என்ற ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர் வில்பர் ஆட்வாட்டர், மெதடிஸ்ட் பாதிரியாரின் மகன். 1890களில் இவர் இயற்பியல் பேராசிரியர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து, ஒரு மனிதன் தங்கக்கூடிய பெட்டி ஒன்றைச் செய்தார். சுமார் 7 அடி நீளம், 4 அடி அகலம். உள்ளே கட்டில், நாற்காலி, மேசை, நகராத சைக்கிள் ஒன்று. ஒருவர் நாள்கணக்கில் உள்ளே இருப்பார். உள்ளே போகும் சாப்பாடு, வெளியே வரும் மூச்சு, கழிவு, உடம்பின் சூடு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

பிறகு ஆட்வாட்டர் மதுவைச் சோதித்தார். சாப்பாட்டில் 500 கலோரி அளவுக்கு மாவு, சர்க்கரை, கொழுப்பைக் குறைத்து, அதற்குப் பதிலாக நாளொன்றுக்கு 72 கிராம் ஆல்கஹாலை ஆறு தவணையாகக் கொடுத்தார். ஒரு பாட்டில் திராட்சை மதுவில் இருக்கும் அளவு அது. அதில் 98 சதவீதத்துக்கு மேல் உடம்பிலேயே எரிந்துவிட்டது. மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறியது மிகச் சொற்பம். எரிந்த அளவுக்கு உடம்பின் கொழுப்பு செலவாகாமல் மிச்சமானது. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, ஆல்கஹால் 7 என்று இன்றும் நாம் சொல்லும் கணக்கு இவர் வேலையிலிருந்து வந்ததுதான்.

முடிவு வெளியானதும் பெரிய சண்டை வந்தது. மது உணவே ஆகாது, வெறும் விஷம் என்று பள்ளிப் பாடப்புத்தகங்களில் எழுத வைத்திருந்தது மதுவிலக்கு இயக்கம். அதற்கு முன்னின்றவர் மேரி ஹண்ட் என்ற அம்மையார். அவர் தரப்பு ஆட்வாட்டரைக் கடுமையாகத் தாக்கியது. மது வியாபாரிகளோ, பேராசிரியரே சொல்லிவிட்டார் என்று விளம்பரம் செய்தார்கள். மது எரிபொருளாகிறது என்பது வேறு, அது நல்லது என்பது வேறு என்று ஆட்வாட்டர் சொன்னதை இரண்டு பக்கமும் காதில் வாங்கவில்லை. 1904இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. 1907இல் காலமானார்.

அதே 1904, ஆகஸ்ட் 30. செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான். கடும் வெயில், புழுதி ரோடு. ஓடத் தொடங்கியவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர். தாமஸ் ஹிக்ஸ் தளர்ந்துபோய்த் தண்ணீர் கேட்டார். கூட வந்தவர்கள் குடிக்கத் தராமல் வாயை மட்டும் நனைத்தார்கள். தெம்புக்கென்று முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷம்தான் அது. பிறகு பிராந்தி. 3 மணி 28 நிமிடம் 53 விநாடியில் தள்ளாடி வந்து தங்கம் வாங்கினார். எடை 8 பவுண்டு குறைந்திருந்ததாகச் சொல்வார்கள்.

அந்த 8 பவுண்டும் கொழுப்பா? 40 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 2,500 கலோரி செலவாகும். அத்தனையும் கொழுப்பிலிருந்தே வந்தாலும் 300 கிராம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் வேர்வையில் போன தண்ணீர். பிராந்தி அந்தத் தண்ணீரையும் ஈடுகட்டாது. தசையும் அதை நேரடியாக எரிக்க முடியாது. கல்லீரல்தான் எரிக்க வேண்டும், அதுவும் மணிக்குச் சில கிராம்தான். அந்த வேலை நடக்கும்போது, ஓடுகிறவனுக்கு வேண்டிய சர்க்கரையைப் புதிதாகச் செய்து ரத்தத்தில் விடும் வேலை மந்தமாகிவிடும். எட்டு ஆண்டுகளாவது உடம்பின் கணக்கைப் பெட்டிக்குள் வைத்து அளந்த ஒருவர் அதே நாட்டில் இருந்தும், பந்தய ரோட்டில் இருந்தவர்களுக்குப் பிராந்தி மருந்தாகத்தான் தெரிந்தது. நம் வீடுகளிலும் ஜுரத்துக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுத்த பாட்டிகள் உண்டே.

இப்போது நண்பரின் கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ஆக 61 கிராம் ஆல்கஹால். ஏழால் பெருக்கினால் 425 கலோரிக்கு மேல். காலையில் 6 கிலோமீட்டர் நடந்ததில் செலவானது சுமார் 300. மதுவை உடம்பால் சேமித்து வைக்க முடியாது, அதனால் அதைத்தான் முதலில் எரிக்கும். கொழுப்பு தன் முறைக்குக் காத்திருக்கும். தொட்டுக்கொண்ட மிக்சரையும் வறுத்த மீனையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். அவர் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர். ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு விடிகாலையில் நடந்தால், சில மாத்திரைகளோடு சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மயங்கி விழுந்தால் பார்க்கிறவர்கள் குடிமயக்கம் என்று விலகிப் போய்விடுவார்கள். தொப்பையைவிட எனக்குக் கவலை அதுதான். டாக்டரிடம் குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். வருகிற திங்கட்கிழமை போகிறாராம். துணைக்கு நானும் போகிறேன்.