தரிசாய்க் கிடந்த இருப்புப்பாதை நிலம்

1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமான நமது காரைக்கால், 1898-இல் இருப்புப்பாதை கண்டது. பேரளத்தில் பிரிந்து, அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக நம் ஊரை அடைந்த அந்த மீட்டர் கேஜ் பாதை ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுடையது. 1980-களில் வண்டி நின்றது, தண்டவாளங்களும் அகன்றன, நிலம் மட்டும் தரிசாய்க் கிடந்தது.

ஊரோ வளர்ந்தது. 2009-இல் கீழவாஞ்சூரில் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 2 இலட்சத்தைக் கடந்தது. வளரும் ஊரில் வெறும் நிலத்தைக் கண்டால், "விற்றுவிட்டால் என்ன?" என்ற எண்ணம் எவருக்கும் எழுவது இயல்பே.

அவ்வெண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதைப் பம்பாயில் காணலாம். அங்கே 1982-இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் பஞ்சாலைகள் பல மூடப்பட்டன. நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம் இருந்தது. அது புதுப்பிக்கப்படும்போது பொதுத் திடலுக்கு ஒரு பங்கு, எளியோர் வீடுகளுக்கு ஒரு பங்கு, உரிமையாளருக்கு ஒரு பங்கு என்ற வகையில் 1991-இல் விதி வகுத்தார்கள். 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடமில்லாத காலி இடத்திற்கு மட்டுமே பங்கீடு என்றானதால், பொதுமக்கள் பங்கு வெகுவாகச் சுருங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. ஆலைச் சங்கு ஒலித்த இடங்களில் இன்று அங்காடி மாளிகைகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

நம் ஊரிலோ கதை வேறு. 2011-இல் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்து சேர்ந்தது. 2025-இல் பேரளம் தடத்திலும் புதிய பாதை போடப்பட்டுச் சோதனை ஓட்டம் நடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை பேருந்தையே நம்பி வாழ்ந்தது; அது சிறிய இழப்பன்று. ஆயினும் பொதுவுடைமையாய் நின்ற தடம் பொதுப் பயனுக்கே திரும்பியது.

யூபிலி ஆண்டில் நிலம் உரியவரிடம் திரும்பவேண்டும் என்கிறது லேவியர் நூல். யூபிலி கொண்டாடும் நாம் இதை மறத்தலாகாது. நாம் வெற்றிடம் என்பது, அங்கே குடிசை போட்டவருக்கு வீடு. நாளை நம் நகரின் நடுவே வேறொரு நிலம் பயனின்றிக் கிடக்குமானால், "இதில் என்ன கட்டலாம்?" என்று கேட்குமுன், "இதில் எளியவரின் பங்கு எது?" என்று கேட்போம். அப்பங்கு சட்டத்தில் எழுதப்பட்டால் மட்டும் போதாது. பின்னாளில் அதைத் திருத்த வருவோர்முன் காத்து நிற்கவும் நாம் வேண்டும்.